வானவில் பட்டையும் பணப்பையும்

அறமும் பொருளும் எதிரெதிராக நிற்கும் வேளையில் மனிதன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது மிகப் பழைய கேள்வி. திருவள்ளுவர் அறத்துக்கு 38 அதிகாரங்களும் பொருளுக்கு 70 அதிகாரங்களும் வகுத்தார். அவர் பொருளை இகழ்ந்தவர் அல்லர். அது எவ்வழியில் வந்தது என்று கேட்டவர். அந்தக் கேள்வியை இன்றைய விளையாட்டு உலகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாணவர் விடுதிகளில் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து ஐரோப்பியக் கால்பந்தாட்டம் பார்ப்போர் பலர். அந்த ஆட்டங்களில் சில வாரங்களில் ஆட்டக்காரரின் காலணிக் கயிறும், அணித்தலைவரின் கைப்பட்டையும் வானவில் நிறத்தில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்நிறங்களுக்குப் பின்னால் ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதற்கு விலை வந்தபோது என்ன நடந்தது என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய விரும்புகிறேன்.

சொல்லும் பொருளும்

தன் பாலினரையே விரும்புவோர், இருபாலரையும் விரும்புவோர், திருநங்கையர், திருநம்பியர் முதலியோரைச் சேர்த்துக் குறிக்கப் ‘பால்புதுமையர்’ என்னும் சொல் இன்று தமிழில் வழங்குகிறது. இம்மக்களை இழிவில்லாத சொற்களால் குறிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வலியுறுத்தியதன் பயனாக, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. தாம் அவ்வினத்தைச் சேராதவராயினும், அவர்களுக்கு இழிவு நேரும்போது உடன் நிற்பவரை நான் இங்கே ‘தோள் கொடுப்போர்’ என்று குறிப்பிடுகிறேன்.

ஆடவர் கால்பந்தில் தோள் கொடுப்போரின் தேவை பெரிது. 1990ஆம் ஆண்டில் ஜஸ்டின் ஃபஷானு என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர் தாம் தன்பாலினரை விரும்புபவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏளனமும் தனிமையும் அவரைத் தொடர்ந்தன. 1998இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின், இங்கிலாந்தில் தொழில்முறையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவ்வாறு சொல்ல மற்றோர் ஆடவர் முன்வர 2022ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ் என்னும் இளைஞரே அவர். இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் அப்படி ஒருவரும் அந்நாட்டு ஆடுகளங்களில் இல்லை என்று நம்ப முடியுமா? இருந்தும் பேச அஞ்சினர் என்பதே பொருந்தும்.

அந்த அச்சத்தைக் குறைக்கவே 2013இல் ஸ்டோன்வால் என்னும் ஆங்கில அமைப்பு வானவில் காலணிக் கயிறு இயக்கத்தைத் தொடங்கியது. அத்தொடக்கத்தில் அதனோடு கைகோத்தது ஒரு பந்தய நிறுவனம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அறமும் வாணிகமும் முதல் நாளிலிருந்தே ஒரே கயிற்றின் இரு புரிகளாகத்தான் இருந்தன.

லிவர்ப்பூல் தலைவர்

இவ்வியக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜோர்டன் ஹெண்டர்சன். 2011இல் லிவர்ப்பூலில் சேர்ந்தவர். 2015இல் அணித்தலைவர் ஆனவர். 2019இல் ஐரோப்பியக் கோப்பையையும், 2020இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் பட்டத்தையும் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர். கொரோனாக் காலத்தில் ஆட்டக்காரர்களை ஒன்று திரட்டி மருத்துவப் பணியாளர்களுக்கு நிதி சேர்த்தவரும் அவரே. வானவில் பட்டையை அணிந்ததோடு நில்லாமல், பால்புதுமை ரசிகர்களும் ஆடுகளத்துக்கு அச்சமின்றி வரவேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அவருடைய சொல்லை அந்த ரசிகர்கள் நம்பினார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூலையில், தம் 33ஆம் வயதில், ஹெண்டர்சன் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரத்து அல் இத்திஃபாக் அணிக்குச் சென்றார். அந்நாட்டில் தன்பாலின உறவு குற்றம்; மரண தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. புதிய அணி அவரை வரவேற்று வெளியிட்ட படத்தில் ஒரு காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. அவர் பழைய அணியில் வானவில் பட்டை அணிந்திருந்த படம் அது. நிறங்கள் நீக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளையில் அது காட்டப்பட்டது. வானவில்லின் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை இருந்தது.

லிவர்ப்பூலின் பால்புதுமை ரசிகர் மன்றத்தினர் மனம் நொந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஹெண்டர்சன் ஒரு விளையாட்டுச் செய்தி இணையதளத்துக்கு நெடிய பேட்டி அளித்தார். தாம் பணத்துக்காகச் செல்லவில்லை என்றும், பழைய அணியில் தமக்கு இடமில்லாத நிலை வந்தது என்றும், யாரையும் புண்படுத்த எண்ணவில்லை என்றும் கூறி வருத்தம் தெரிவித்தார். அந்நாட்டின் சமயத்தையும் பண்பாட்டையும் மதிக்க வேண்டும் என்றும் சொன்னார். எனினும் அக்டோபர் 13ஆம் நாள், வெம்ப்ளி ஆடுகளத்தில் இங்கிலாந்து அணிக்காக ஆடிவிட்டு வெளியேறியபோது, சொந்த நாட்டு ரசிகர்களில் ஒரு பகுதியினரே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 2024 ஜனவரியில், ஓர் ஆண்டுகூட நிறையாமல், அவர் சவூதியை விட்டு நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்குத் திரும்பினார்.

இவரைக் கயவர் என்று சொல்வது எளிது; ஆனால் அது நேர்மையன்று. இவரைப்போலவே அவ்வாண்டு சவூதிக்குச் சென்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர். அவர்களை யாரும் இவ்வளவு கடிந்து பேசவில்லை. காரணம் யாது? அவர்கள் முன்பு ஒன்றும் சொல்லவில்லை, இவர் சொன்னார். சொல்லாதவனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. சொன்னவனிடம் கேட்க உரிமை பிறக்கிறது. அப்படியானால் நல்லது பேசியவனுக்குத் தண்டனையும், வாய் திறவாதவனுக்கு விடுதலையுமா என்று நம் நண்பர் ஒருவர் வினவினார். கூர்மையான வினாதான். அதற்கு விடை பின்னர் வரும்.

கத்தாரில் ஏழு அணிகள்

இதற்கு முந்திய ஆண்டில் நடந்ததையும் பார்ப்போம். 2022 உலகக் கோப்பை கத்தாரில் நடந்தது. அங்கும் தன்பாலின உறவு சிறைத் தண்டனைக்குரியது. இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளின் அணித்தலைவர்கள் ‘ஒன் லவ்’ என்னும் பல நிறப் பட்டையை அணிவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தனர். நவம்பர் 21ஆம் நாள், முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரமே இருந்தபோது, ஏழு நாடுகளும் பின்வாங்கின. பட்டை அணிந்தால் அணித்தலைவருக்கு மஞ்சள் அட்டை காட்டப்படலாம் என்று உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா எச்சரித்ததே காரணம்.

அவர்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. தண்டப்பணம் கட்ட ஆயத்தமாக இருந்தோம். ஆனால் ஆட்டக்காரர் அட்டை பெறும் நிலைக்கு உள்ளாவதை ஏற்க இயலாது என்பது அதன் கருத்து. பணத்தை இழக்கத் துணிந்தவர்கள் வெற்றி வாய்ப்பை இழக்கத் துணியவில்லை. ஆகவே விலை என்பது எப்போதும் பணமாகவே வருவதில்லை. ஒருவன் எதைப் பெரிதென்று கருதுகிறானோ அதுவே அவனிடம் விலையாகக் கேட்கப்படுகிறது.

அன்று இங்கிலாந்தின் ஹாரி கேன், ஃபிஃபா தந்த பாகுபாடு எதிர்ப்புப் பட்டையை அணிந்து ஆடினார். அதே ஆட்டத்தின்போது ஆடுகளத்தின் ஓரத்தில் தொலைக்காட்சிக்காகப் பேசிக்கொண்டிருந்த முன்னாள் ஆட்டக்காரி அலெக்ஸ் ஸ்காட், கைவிடப்பட்ட அந்தப் பட்டையைத் தம் கையில் அணிந்து நின்றார். இரண்டு நாள் கழித்து ஜெர்மானிய ஆட்டக்காரர் பதினொருவரும் குழுப்படத்துக்கு நின்றபோது கையால் வாயை மூடிக்கொண்டனர். பேசவிடாமல் தடுத்தனர் என்பது குறிப்பு. ஜெர்மனியின் பெரிய அங்காடி நிறுவனமான ரேவே, ஃபிஃபாவின் போக்கிலிருந்து தன்னை விலக்கிக்கொள்வதாகக் கூறித் தன் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தோடு கொண்ட விளம்பர உறவை முறித்துக்கொண்டது. பணம் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதற்கு இது சான்று.

போட்டிக்குச் சென்றும் பேசியவர்

கால்பந்தை விட்டுக் கார்ப் பந்தயத்துக்கு வருவோம். அந்நிகழ்ச்சிக்குச் சரியாக ஓராண்டுக்கு முன்னர், 2021 நவம்பர் 21ஆம் நாள், அதே கத்தாரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. லூயிஸ் ஹாமில்டன் வானவில் நிறங்கள் தீட்டிய தலைக்கவசம் அணிந்து ஓட்டினார், வென்றார். அடுத்த மாதம் சவூதியின் ஜெட்டா நகரிலும் அதே தலைக்கவசம், அங்கும் வெற்றி. அந்நாட்டில் பந்தயம் ஓட்டுவது தமக்கு உவப்பாக இல்லை என்றும், அங்கே செல்வது தம் தேர்வன்று, விளையாட்டை நடத்துவோரின் தேர்வு என்றும் செய்தியாளரிடம் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹங்கேரியில், பால்புதுமையருக்கு எதிரான ஒரு சட்டம் புதிதாக வந்திருந்த வேளையில், செபாஸ்டியன் வெட்டல் வானவில் சட்டையைத் தேசிய கீதத்தின்போதும் கழற்றாமல் நின்று கண்டனம் பெற்றார்.

இவர்களும் சம்பளம் வாங்கியவர்களே. ஹாமில்டன் துறவி அல்லர். பந்தயத்தைப் புறக்கணிக்கவும் இல்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லண்டனில் சொன்னதை அவர் ஜெட்டாவிலும் சொன்னார். கைதட்டுவோர் நடுவே சொன்ன சொல்லைக் கைதட்டாதோர் நடுவிலும் சொன்னார். ஹெண்டர்சன் மீது ரசிகர்கள் வைத்த குறையின் உட்பொருள் இதுதான் என்று கருதுகிறேன். அவர் சென்றது மட்டும் குறையன்று. வானவில்லை வீட்டிலே வைத்துவிட்டுச் சென்றதே குறை.

விலை கொடுத்த இருவர்

இனி டென்னிஸ். பில்லி ஜீன் கிங் என்னும் அமெரிக்க வீராங்கனை 39 பெரும்போட்டிப் பட்டங்கள் வென்றவர். 1973இல் மகளிர் டென்னிஸ் சங்கத்தை நிறுவியவர். 1981இல் ஒரு வழக்கின் காரணமாக, ஒரு பெண்ணோடு அவருக்கு இருந்த உறவு அவர் விருப்பமின்றியே வெளியானது. 24 மணி நேரத்துக்குள் விளம்பர ஒப்பந்தங்கள் அனைத்தும் போயின. அதே ஆண்டில் மார்ட்டினா நவரத்திலோவாவைப் பற்றியும் உண்மை வெளியானது. அவர் எத்தனை வெற்றிகள் பெற்றும் விளம்பரதாரர் அவரை நெருங்கத் தயங்கினர். மற்றவர் தோள் கொடுக்காத காலத்தில் தம் தோளிலேயே சுமந்தவர்கள் இவ்விருவரும்.

இப்போது கேளுங்கள். 2024 ஏப்ரலில் மகளிர் டென்னிஸ் சங்கம் ஆண்டிறுதிப் போட்டியை மூன்றாண்டுகளுக்குச் சவூதியின் ரியாத் நகரில் நடத்த ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டுப் பரிசுத்தொகை 1 கோடியே 52 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நவரத்திலோவா இதை வெளிப்படையாக எதிர்த்தார். பில்லி ஜீன் கிங்கோ, உறவாடிப் பேசினால்தான் மாற்றம் வரும் என்று கருதி இதற்கு இணக்கம் காட்டினார். அவ்வாண்டு பட்டம் வென்று 48 லட்சம் டாலர் பெற்ற கோக்கோ காஃப், போகுமுன் தமக்குத் தயக்கம் இருந்ததை மறைக்கவில்லை. பால்புதுமையர் நிலை பற்றிய கேள்வியை ஏற்பாட்டாளரிடமே எழுப்பியதாகச் சொன்னார்.

ஒரே துன்பத்தை அனுபவித்த இருவர், ஒரே பணத்தைப் பற்றி இரு வேறு முடிவுக்கு வந்தனர். ஆகவே போவதா போகாதிருப்பதா என்பதற்கு ஒரே விடைதான் உண்டு என்று நாம் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் இருவரும் ஒன்றில் ஒத்திருந்தனர். அவர்கள் வாய் மூடவில்லை.

மறுப்பும் விடையும்

இப்பொருள் பற்றி நண்பர்களோடு உரையாடியபோது மூன்று மறுப்புகள் எழுந்தன.

முதல் மறுப்பு: ஆட்டக்காரனின் தொழில் வாழ்வு குறுகியது, முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடுவது, கிடைக்கும்போது சேர்த்துக்கொள்வதில் தவறென்ன? தவறில்லை. மருத்துவரும் பொறியாளரும் கூடுதல் ஊதியம் தேடிக் கடல் கடந்து போகிறார்கள். நம் உறவினர் எத்தனை பேர் வளைகுடா நாடுகளில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள்! அவர்களை யார் குறை கூறுவார்? ஆனால் வயிற்றுப்பாட்டுக்குச் செல்பவனையும், ஏற்கெனவே கோடிகள் உள்ளவனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. முன்னவனுக்கு மறுக்கும் உரிமை ஏட்டில்தான் உண்டு. பின்னவனுக்குக் கையில் உண்டு.

இரண்டாவது மறுப்பு: பிற நாட்டின் பண்பாட்டை மதிக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் அந்நாட்டிலும் பால்புதுமையர் பிறக்கிறார்கள், வளர்கிறார்கள், அஞ்சி வாழ்கிறார்கள். அவர்களும் அப்பண்பாட்டின் மக்களே. நம் நாட்டையே பாருங்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்மோடு இருந்ததால் அது நம் பண்பாடு என்றே பலர் நம்பினர். 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. எட்டு மாதம் கழித்து, 2019 மே மாதத்தில், ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண்ணும் விரைவோட்ட வீராங்கனையுமான தூத்தி சந்த் தாம் ஒரு பெண்ணை விரும்புவதை நாடறியச் சொன்னார். சட்டம் மாறியதும் ஒரு குரல் எழுந்தது. அதற்கு முன் எத்தனை குரல்கள் அடங்கிப் போயினவோ!

மூன்றாவது மறுப்பே வலிமையானது: தனி ஆட்டக்காரனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? இங்கிலாந்தின் நியூகாசில் அணியையே 2021இல் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் தலைமை தாங்கி வாங்கவில்லையா? உலகக் கோப்பையைக் கத்தாருக்குக் கொடுத்தது யார்? உண்மை. பெருநிறுவனங்கள் விற்பனையை முடித்துவிட்டு, மனச்சான்றை மட்டும் அணித்தலைவரின் கையில் கட்டிவிடுகின்றன. நிறுவனம் விரும்பினால் செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2016இல் திருநருக்கு எதிரான சட்டம் ஒன்றை இயற்றியபோது, தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 2017ஆம் ஆண்டின் நட்சத்திர ஆட்டத்தைச் சார்லட் நகரிலிருந்து எடுத்து நியூ ஆர்லியன்சுக்கு மாற்றியது. சட்டம் ஓரளவு திருத்தப்பட்ட பிறகே 2019இல் ஆட்டம் சார்லட்டுக்கு வந்தது. அதே சங்கம் 2022இல், தன்பாலின உறவைத் தண்டிக்கும் அபுதாபியில் முன்னோட்ட ஆட்டங்களை நடத்தியது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். தன் நாட்டில் கொள்கை. கடல் கடந்தால் கணக்கு.

இது நமக்குத் தொலைவான கதை என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 24, 25 ஆகிய நாள்களில் நம் ஐ.பி.எல். கிரிக்கெட்டு ஏலம் நடந்த ஊர் எது? அதே ஜெட்டா. 182 ஆட்டக்காரர்கள்; 639 கோடி ரூபாய்க்கு மேல் ஏலத்தொகை. நாம் எந்த அணிக்கு யார் என்று பார்த்தோம்; எந்த ஊர் என்று கேட்டோமா?

எனக்குத் தெளிவானது

முன்பு நிறுத்தி வைத்த வினாவுக்கு வருகிறேன். நல்லது பேசியவனுக்கு மட்டும் ஏன் தண்டனை? தண்டனை என்று அதைக் கொள்வதே பிழை என்பது என் எண்ணம். தோள் கொடுப்பேன் என்று ஒருவன் சொல்லும்போது, அச்சொல்லை நம்பி வேறொருவன் தன் பாரத்தை இறக்கி வைக்கிறான். லிவர்ப்பூல் தலைவர் நம் பக்கம் என்று எண்ணி, முதன்முறையாக ஆடுகளத்துக்கு வந்த இளைஞன் இருந்திருப்பான். வீட்டில் உண்மையைச் சொன்னவனும் இருந்திருப்பான். தோள் விலகும்போது விழுவது அவன்தான். ஆட்டக்காரர் வேறு அணி தேடிக்கொள்ளலாம். அவனுக்கு வேறு தோள் எங்கே? எனவே ஆதரவு என்பது கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறும் பரிசன்று. அது பட்ட கடன். கடன் பட்டவனிடம் கேட்பது தண்டனை ஆகாது.

இதனால் ஒருவரும் வாய் திறக்காதிருப்பதே நன்று என்று முடிவு கட்டக்கூடாது. சொல்லாதவர்களால் நிறைந்த 32 ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை மேலே கண்டோம். சொல்ல வேண்டும், சொல்லுமுன் அதற்கு என்றேனும் ஒரு விலை வரும் என்று எண்ணிக்கொண்டு சொல்ல வேண்டும்.

தோழர்களே, நம்மில் சிலர் நாளை பெருநிறுவனங்களில் பணியேற்போம். சிலர் ஆட்சிப் பணிக்குச் செல்வோம். அப்போது நம் முன்னும் ஓர் ஒப்பந்தம் நீட்டப்படும். அது கோடி டாலராக இராது. ஒரு பதவி உயர்வாகவோ மேலதிகாரியின் புன்னகையாகவோ இருக்கலாம். இன்று நம் விடுதியில் அவ்வளவு விலைகூட இல்லை. உணவுக்கூடத்தில் ஒருவனுடைய நடையையோ குரலையோ கேலி செய்து நால்வர் சிரிக்கும்போது, ஐந்தாவதாகச் சிரிக்காமல் இருப்பதும், “போதும், விடு” என்று சொல்வதுமே நம்மிடம் கேட்கப்படுவன. அதற்குச் சிறிது மனத்தாங்கல் வரலாம், வேறு இழப்பில்லை. இந்தச் சிறு விலையைக் கொடுத்துப் பழகாதவர், பெருவிலை வரும் நாளில் கொடுப்பார் என்று நான் நம்பவில்லை.